சட்டப்படி குதிரைக்குப் பணம் கட்டுவது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ரேஸ் கோர்ஸ் வரை

எங்கள் தோட்டத்தில் குதிரையை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் குதிரைகளின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சம்பளம் போட்ட மறுநாள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். லயத்துக் கோடியில் இருந்த ஒட்டுக்கடையில் ஒரு தே ஓ சொல்லிவிட்டு உட்காருவார். சீட்டு கிடையாது, ரசீது கிடையாது. ஒரு பள்ளிக்கூட நோட்டும் பென்சிலும்தான் அவருடைய அலுவலகம். கையில் காசு இல்லை என்றாலும் பரவாயில்லை, "அடுத்த சம்பளத்துல பாத்துக்கலாம் அண்ணே" என்பார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் என் அப்பா ஒருமுறை நான்காம் எண் குதிரைக்குக் கட்டினார், அது ஜெயித்தும் விட்டது. அந்த வாரம் மோட்டார் சைக்கிள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தவர் நோட்டை விரித்துக் காட்டினார். "நீங்க நாலு சொல்லல அண்ணே, ஏழுதான் சொன்னீங்க." நோட்டில் ஏழு என்றுதான் இருந்தது. அப்பா யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? போலீஸில் சொன்னால் முதல் கேள்வியே "நீ எதுக்கு அவன்கிட்ட கட்டினே?" என்பதாக இருக்கும்.

குதிரைக்குப் பணம் கட்டச் சொல்லி இதை நான் எழுதவில்லை. எப்படியும் கட்டப் போகிறவர், அந்த நோட்டுக்காரரிடம் கட்டாமல் எங்கே போய், எதைக் கேட்டு, எவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் வருடத்தில் இரண்டு மூன்று முறை போவேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை.

யாருக்கு இது இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் முஸ்லிம்களுக்கு எந்தச் சூதாட்டமும் ஷரியா சட்டப்படி குற்றம். எனவே பக்கத்து வீட்டு நண்பருக்காக நாம் கட்டித் தருவது என்ற பேச்சே வேண்டாம். 21 வயது ஆகாத தம்பிகளும் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வாசலில் ஐசி (அடையாள அட்டை) கேட்டுத் திருப்பி அனுப்பப்படுவதை விட வீட்டில் இருப்பது மரியாதை. கடன் அடைப்பதற்காகக் குதிரை தேடுகிறவர்கள் மூன்றாவது ஆள். அவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை.

முதல் படி: உங்கள் பணம் யார் கையில் போகிறது என்று கேளுங்கள்

சட்டம் பெரிய புதிர் இல்லை. 1953-ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம், தானே பந்தயப் பணம் வாங்கும் புக்கி தொழிலைத் தடை செய்கிறது. பந்தயக் கூடம் நடத்துகிறவருக்கு 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், அதோடு ஐந்து வருடம் வரை சிறையும் கிடைக்கலாம். அங்கே போய்க் கட்டுகிறவரும் குற்றவாளிதான். "நான் வெறும் வாடிக்கையாளர்" என்ற வாதம் நிற்காது.

சட்டம் திறந்து வைத்திருக்கும் ஒரே வாசல், டோட்டலைசேட்டர் என்ற முறை. அதைச் சுருக்கி டோட் என்பார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த டோட்டலைசேட்டர் வாரியத்தின் மேற்பார்வையில், குதிரைப் பந்தயம் நடத்தும் டர்ஃப் கிளப்புகள் அதை நடத்துகின்றன. ஆக, ஒரு இடம் சட்டப்படியானதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: நான் கொடுக்கும் காசு டர்ஃப் கிளப்பின் டோட்டுக்குள் போகிறதா? ஆமாம் என்றால் சரி. வேறு எந்தப் பதில் வந்தாலும், எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும், அவர் புக்கிதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டோட் வேறு, டோட்டோ வேறு. பஜாரில் இருக்கும் நம்பர் கடைகள் அனுமதி பெற்றவைதான், ஆனால் அங்கே விற்பது நான்கு இலக்க எண்கள். அங்கே போய் "குதிரைக்கு ஒண்ணு போடுங்க" என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். என் சித்தப்பா கேட்டிருக்கிறார்.

கைப்பேசியில் வரும் வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள் இன்னொரு வகை. தமிழில் விளம்பரம் போட்டு, முதல் முறைக்கு இனாமாகப் பணம் தருவதாக ஆசை காட்டுவார்கள். அவர்கள் ஊரில் அவர்களுக்கு அனுமதி இருக்கலாம், இங்கே அது செல்லாது. வாட்ஸ்ஆப்பில் ஒருவர் தன் சொந்த வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து அதில் போடச் சொன்னால், அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். இன்னும் மோசம், "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாசம் 300 வெள்ளி தர்றேன்" என்று தோட்டத்துப் பையன்களைப் பிடிப்பது. பந்தயப் பணமும் மோசடிப் பணமும் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும், பிடிபடும்போது பையன் மட்டும்தான் பிடிபடுவான். கணக்கை இரவல் கொடுப்பதே குற்றம். ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 997-க்கு அழைக்கலாம். அது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்.

இரண்டாம் படி: எந்த ஓடுதளம், எந்த நாள்

நம் தலைமுறையில் இந்த வரைபடம் ரொம்பச் சுருங்கிவிட்டது. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர் கிளப், 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ஓட்டத்தை நடத்தி மூடிக்கொண்டது. 1864-இல் தொடங்கிய பினாங்கு கிளப்பும் 2025 மே 31-ஆம் தேதியோடு ஓட்டத்தை நிறுத்தியது. தீபகற்பத்தில் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று சுங்கை பீசியில் உள்ள சிலாங்கூர் டர்ஃப் கிளப். அது 1896-இல் பிறந்தது, 1993 வரை அம்பாங் சாலையில் இருந்தது. இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் இடத்தில்தான் அன்று குதிரைகள் ஓடின. மற்றொன்று நமக்குப் பக்கத்திலேயே, 1886-இலிருந்து நடந்து வரும் ஈப்போவின் பேராக் டர்ஃப் கிளப்.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு ஈப்போ தூரமே இல்லை. பழைய சாலையில் கந்தான், செம்மோர் தாண்டினால் வந்துவிடும், முப்பது கிலோமீட்டர் சொச்சம். நெடுஞ்சாலையில் போனால் இன்னும் சீக்கிரம். நான் பழைய சாலைக்காரன். கந்தான் சுண்ணாம்பு மலைகளைப் பார்த்தபடி போவதில் பாதி உல்லாசம் இருக்கிறது.

ஓட்டங்கள் பெரும்பாலும் வார இறுதியில்தான். ஆனால் ஒவ்வொரு வார இறுதியிலும் ஈப்போவில் இருக்காது. சில வாரம் இங்கே, சில வாரம் சுங்கை பீசியில் என்று மாறி மாறி வரும். கிளப்பின் அட்டவணையைப் பார்த்த பிறகு கிளம்புங்கள். பேராக் டெர்பி, பேரரசர் தங்கக் கிண்ணம் மாதிரிப் பெரிய பந்தய நாட்களில் கூட்டமும் இருக்கும், நல்ல குதிரைகளும் இருக்கும். முதன்முறையாகப் போகிறவர் அப்படிப்பட்ட நாளைத் தேர்ந்தெடுக்காமல், சாதாரண நாளில் ஒருமுறை போய்ப் பழகிக்கொள்வது நல்லது என்பேன். கவுண்டரில் பின்னால் நிற்பவர் முணுமுணுக்கும்போது கணக்கு சொல்ல வராது.

வேறு ஊரில் ஓடும் பந்தயங்களையும் கிளப்புகள் திரையில் காட்டிப் பணம் வாங்குவதுண்டு. ஹாங்காங், ஆஸ்திரேலிய ஓட்டங்கள் அப்படித்தான் இங்கே பழக்கமாயின. டெலிலிங்க் என்ற பெயரில் ஓடுதளத்துக்கு வெளியே கவுண்டர்களும் வைத்திருக்கிறார்கள். இன்று எது எங்கே திறந்திருக்கிறது என்பதைக் கிளப்பிடமே போனில் கேளுங்கள், ஒட்டுக்கடையில் கேட்காதீர்கள். "டெலிலிங்க் மாதிரிதான் தம்பி" என்று சொல்லும் கடைக்கும் உண்மையான டெலிலிங்க்குக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: இரண்டாவதில் கணினி அச்சிட்ட சீட்டு வரும்.

நம் ஊரில் அதிகம் பேசப்படும் வெளிநாட்டுப் பந்தயம் மெல்பர்ன் கோப்பைதான். 1861-இலிருந்து ஓடுகிறது. நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, ஃபிளெமிங்டன் மைதானம், 3,200 மீட்டர். அங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் நமக்குப் பகல் பன்னிரண்டு. செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டுக்குத் தோட்டத்தில் யார் சும்மா இருக்கிறார்கள்? அதனால்தான் அந்த வாரம் மட்டும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு வேலை அதிகம். தீபாவளிச் செலவுக்கு முன்னே பின்னே வரும் பந்தயம் என்பதும் அவர்களுக்கு ஒரு வசதி. அன்று வேலையை விட்டுப் போக முடியவில்லை என்றால் போட்டியைப் பாருங்கள், கட்டாமல் விடுங்கள். புக்கியிடம் கட்டாத மெல்பர்ன் கோப்பை எனக்குத் தெரிந்து யாரையும் கொன்றதில்லை.

மூன்றாம் படி: வீட்டிலேயே செய்ய வேண்டியவை

போகிற அன்று காலையில், எவ்வளவு தோற்கலாம் என்று முடிவு செய்யுங்கள். எவ்வளவு ஜெயிக்கலாம் என்பது உங்கள் கையில் இல்லை. நான் 60 வெள்ளி எடுத்துப் போவேன். அதைத் தனி உறையில் போட்டு வைப்பேன். நுழைவுக் கட்டணம், சாப்பாடு, பெட்ரோல் வேறு பையில். வங்கி அட்டையை வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போவேன். முதல் இரண்டு முறை எடுத்துப் போய், இயந்திரத்தைத் தேடி ஓடிய அனுபவத்தில் வந்த ஞானம் இது.

ஐசி கட்டாயம். முழுக் கால்சட்டை, மூடிய காலணி போட்டுப் போங்கள். உறுப்பினர் பகுதிக்கு நண்பர் யாராவது கூப்பிட்டால் சிலிப்பரோடு சங்கடப்பட வேண்டாம். ஈப்போவில் பிற்பகல் மழை சகஜம் என்பதால் குடையும் வேண்டும்.

நான்காம் படி: பந்தயப் புத்தகத்தைப் படிப்பது

நுழைந்ததும் அன்றைய ஓட்டப் புத்தகத்தை வாங்குங்கள். முதல் தடவை பார்க்கும்போது ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, நான் பார்ப்பது சிலதுதான்.

குதிரையின் எண்ணும் அது புறப்படும் கதவின் எண்ணும் வேறு வேறு. இதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சேணத் துணியில் எழுதியிருக்கும் எண்ணைத்தான் கவுண்டரில் சொல்ல வேண்டும். கதவு எண், அது உள்விளிம்புக்குப் பக்கத்திலிருந்து புறப்படுகிறதா, வெளியிலிருந்தா என்பதை மட்டும் சொல்லும். வெளியிலிருந்து புறப்படும் குதிரை வளைவில் அதிக தூரம் ஓட வேண்டிவரும். குறுகிய ஓட்டத்தில் இது பெரிய விஷயம்.

அடுத்து எடை. இங்கே ஓட்டங்களில் பெரும்பாலானவை சுமை சமன் செய்யும் வகை. திறமையான குதிரைக்கு 59 கிலோ சுமத்துவார்கள், சுமாரான குதிரைக்கு 52 கிலோ. எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து முடிக்க வேண்டும் என்பதுதான் எடை போடுகிறவரின் கனவு. அதனால் "போன தடவை ஜெயிச்ச குதிரை, இந்தத் தடவையும் ஜெயிக்கும்" என்று சொல்கிறவரிடம், இந்தத் தடவை அதற்கு எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். பயிற்சிநிலை ஜாக்கி ஏறினால் கொஞ்சம் எடை குறைப்பார்கள். அனுபவம் குறைந்த ஆளுக்கு அது ஒரு சலுகை.

பிறகு, கடைசியாக ஓடிய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, எந்தத் தூரத்தில் என்று பாருங்கள். 1,200 மீட்டரில் பறக்கும் குதிரை 2,000 மீட்டரில் மூச்சு வாங்கும். தரை காய்ந்திருக்கிறதா, மழையில் ஊறியிருக்கிறதா என்பதும் முக்கியம். ஈர மண்ணில் பால் வெட்டப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சில கால்களுக்குச் சேறு பிடிக்கும், சில கால்களுக்குப் பிடிக்காது.

கடைசியாக, ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்துக்குப் போங்கள். இது இலவசம், பல சமயம் பந்தயத்தை விட அழகு. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த குதிரைகள், மேலெல்லாம் பளபளக்க நடந்து வரும். ஓட்டத்துக்கு முன்பே கழுத்தெல்லாம் நுரை தள்ள வியர்க்கிற குதிரையை நான் விட்டுவிடுவேன். சரியா தவறா என்று தெரியாது, அதைப் பார்த்தால் எனக்கே பதற்றம் வருகிறது.

டிப் விற்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெயிக்கும் குதிரை தெரிந்தவர் அதை உங்களுக்கு ஏன் பத்து வெள்ளிக்கு விற்க வேண்டும்? அதிலும் டோட்டில், உங்களுக்குச் சொல்லச் சொல்ல அவருடைய பங்கு அல்லவா குறையும்? எப்படிக் குறையும் என்பதைப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: டோட் எப்படிக் கணக்குப் போடுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் கவுண்டருக்குப் போகாதீர்கள். 1860-களில் பாரிஸில் ஜோசப் ஒல்லே என்பவர் கண்டுபிடித்த முறை இது. புக்கி இல்லாமல், பந்தயம் கட்டுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்வது. கணக்கைப் போடும் இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் வடிவமைத்தார், 1913-இல் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் அது முதன்முதலாக ஓடியது. இன்று கணினி செய்கிறது, கணக்கு அதேதான்.

நம் ஊரில் சீட்டுப் பிடிப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய பணமும் ஒரே பானையில் விழும். அதிலிருந்து வரிக்கும் கிளப்புக்கும் ஒரு பகுதி போகும். மிச்சத்தை ஜெயித்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ஓட்டத்தில் வின் பானையில், அதாவது முதலில் வரும் குதிரைக்குக் கட்டும் பானையில், 10,000 வெள்ளி சேர்ந்தது. கழிவு ஐந்தில் ஒரு பங்கு என்று வைப்போம். மிச்சம் 8,000. ஏழாம் எண் குதிரை ஜெயித்தது. அதன் மேல் எல்லாருமாகக் கட்டியிருந்தது 2,000 வெள்ளி. அப்படியானால் ஒரு வெள்ளிக்கு நான்கு வெள்ளி. நீங்கள் 5 வெள்ளி கட்டியிருந்தால் 20 கிடைக்கும். இதில் உங்கள் 5 வெள்ளியும் அடக்கம், லாபம் 15. அதே குதிரையை ஊரே நம்பி 8,000 வெள்ளி கட்டியிருந்தால்? ஜெயித்தும் உங்கள் 5 வெள்ளிதான் திரும்ப வரும்.

ஆகையால் ஒரு வெள்ளிக்கு எத்தனை கிடைக்கும் என்று பலகையில் மாறிக்கொண்டே இருக்கும் விலை, நீங்கள் கட்டும் நேரத்தில் யாரும் கொடுத்த வாக்குறுதி அல்ல. கதவு திறந்து குதிரை ஓடத் தொடங்கும்போதுதான் கடைசி விலை முடிவாகும். கட்டும்போது பலகையில் எட்டு மடங்கு இருந்து, கடைசி நிமிடத்தில் பெரிய கைகள் வந்து விழுந்து நாலு மடங்கானால், உங்களுக்கும் நாலுதான். யாரும் ஏமாற்றவில்லை, பானையில் ஆள் கூடிவிட்டார்கள்.

இன்னொரு உண்மையும் இதிலேயே இருக்கிறது. மேலே சொன்ன கழிவை வைத்துப் பார்த்தால், 100 வெள்ளியோடு வந்தவர் கையில் இருப்பதை எல்லாம் ஒவ்வொரு ஓட்டத்திலும் திரும்பத் திரும்பக் கட்டினால், சராசரிக் கணக்கில் எட்டு ஓட்டம் முடியும்போது அவரிடம் 17 வெள்ளிகூடத் தேறாது. குதிரை கெட்டதல்ல, கழிவு எட்டு முறை வெட்டியிருக்கிறது. எட்டு ஓட்டத்துக்கும் கட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நான் மூன்று தேர்ந்தெடுப்பேன், மற்றதற்கு வேடிக்கை பார்ப்பேன்.

ஆறாம் படி: என்ன கட்டுவது

வின் என்றால் உங்கள் குதிரை முதலில் வர வேண்டும். பிளேஸ் என்றால் முதல் மூன்றில் ஒன்றாக வந்தால் போதும். குறைந்த குதிரைகளே ஓடினால் முதல் இரண்டு மட்டும்தான் கணக்கு, அதைக் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பிளேஸில் கிடைப்பது குறைவு, ஆனால் கிடைக்கும். புதியவர்கள் இரண்டு மூன்று முறை போகும் வரை இந்த இரண்டைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து.

ஃபோர்காஸ்ட் என்பது முதல் இரண்டு இடங்களை எடுக்கும் இரண்டு குதிரைகளைச் சொல்வது. ட்ரியோ என்றால் முதல் மூன்று, எந்த வரிசையிலும். டியர்ஸ் என்றால் அதே மூன்று, வரிசை தப்பாமல். பத்துக் குதிரை ஓடும் பந்தயத்தில் ட்ரியோவுக்கு 120 விதமான விடைகள் உண்டு, டியர்ஸுக்கு 720. மெல்பர்ன் கோப்பையில் 24 குதிரைகள் முழுதாக ஓடினால் வரிசையோடு மூன்றைச் சொல்ல 12,144 விதங்கள். நம் மூளை இதைக் கேட்டதும் பரிசுத் தொகையை மட்டும் நினைக்கும்.

எல்லா வரிசையும் அடங்கும்படி பெட்டியாகப் போடுவதும் உண்டு. இங்கேதான் பணம் பாய்கிறது. டியர்ஸில் மூன்று குதிரையைப் பெட்டியாகப் போட்டால் 6 சீட்டுக்குச் சமம். நான்கு குதிரை என்றால் 24. ஐந்து என்றால் 60. "இன்னும் ஒண்ணு சேத்துக்குவோமே" என்று சாதாரணமாகச் சொல்லும் அந்த ஒரு குதிரைக்கு 36 சீட்டு விலை. கவுண்டரில் தொகையைச் சொன்ன பிறகு முகம் வெளுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கௌரவத்துக்காகக் கட்டிவிட்டு வருவார்கள்.

பலரும் நம்பும் குதிரை பாதுகாப்பானது என்ற எண்ணமும் அரை உண்மைதான். உலகெங்கும் அப்படிப்பட்ட குதிரைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு ஓட்டத்தில் ஜெயிக்கின்றன. அதாவது மூன்றில் இரண்டில் தோற்கின்றன. ஜெயிக்கும்போதும் பானையில் கூட்டம் அதிகம்.

ஏழாம் படி: கவுண்டரில்

பேச வேண்டிய வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: எந்த ஊர் ஓட்டம், எத்தனையாவது ஓட்டம், என்ன வகை, எவ்வளவு, எந்த எண். "ஈப்போ, மூணாவது ரேஸ், பிளேஸ், பத்து வெள்ளி, நம்பர் நாலு." மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம், எதில் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் வரிசை கலைந்தால் தவறு வரும். குதிரையின் பெயரைச் சொல்ல வேண்டாம். ஒரு சீட்டின் விலை வகைக்கு வகை மாறலாம் என்பதால் அங்கே ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொக்கத்தைக் கொடுங்கள். கடன் கேட்டால் கிடைக்காது. டோட்டின் மிகப் பெரிய நல்ல குணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நோட்டுக்காரர் ஒருநாளும் எங்கள் லயத்தைப் பணத்தால் கெடுக்கவில்லை, "அடுத்த சம்பளத்துல பாத்துக்கலாம்" என்ற ஒரு வாக்கியத்தால் கெடுத்தார். கையில் இல்லாத காசுக்கு ஓடிய குதிரைகள்தான் வட்டிக்கு விடும் ஆலோங் வீட்டு வாசல் வரை ஆட்களைக் கூட்டிப்போயின. கவுண்டரில் காசு தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது.

சீட்டை வாங்கியதும் நகராதீர்கள். ஓட்டம், வகை, எண், தொகை நான்கையும் அங்கேயே படியுங்கள். தவறு இருந்தால் அப்போதே சொன்னால் திருத்த வழியிருக்கும். ஓட்டம் தொடங்கிய பிறகு சீட்டில் அச்சிட்டதுதான் வேதம்.

கடைசி நிமிடம் வரை காத்திருக்காதீர்கள். கதவு திறந்ததும் விற்பனை நின்றுவிடும். வரிசையில் மூன்றாவதாக நின்றபடி நான் தேர்ந்தெடுத்த குதிரை ஜெயிப்பதைத் திரையில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிற்பகல் முழுக்க என்னால் மீ கோரெங்கூடச் சாப்பிட முடியவில்லை.

எட்டாம் படி: ஓட்டம் முடிந்த பிறகு

சீட்டைக் கிழிக்காதீர்கள். முதலில் வந்த குதிரை மற்றதை இடித்தது, வழிமறித்தது என்று ஆட்சேபம் வரலாம். மேற்பார்வையாளர்கள் காட்சியைத் திரும்பப் பார்த்து இடங்களை மாற்றுவதுண்டு. முடிவு உறுதி என்று அறிவிக்கும் வரை எந்தச் சீட்டும் குப்பை அல்ல. நான் ஒருமுறை நாலாவதாக வந்த குதிரையின் பிளேஸ் சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அது மூன்றாவதாக ஏறியது. நாற்காலிக்கு அடியில் நான் தவழ்ந்து தேடியதைப் பார்த்த சீனப் பெரியவர் ஒருவர், தன் காலைத் தூக்கி இடம் கொடுத்தார். மூன்று துண்டுதான் கிடைத்தது.

உங்கள் குதிரை கடைசி நேரத்தில் விலக்கப்பட்டால் வின், பிளேஸ் பணம் திரும்பக் கிடைக்கும். அந்தச் சீட்டையும் வைத்திருங்கள். இரண்டு குதிரைகள் ஒரே கோட்டில் முடித்தால் பானை இரண்டு பக்கமும் பிரியும், எதிர்பார்த்ததை விடக் குறைவாக வரும். அதற்குச் சண்டை போட வேண்டாம்.

உறையில் இருந்த காசு தீர்ந்தால், மிச்ச ஓட்டங்களை நிம்மதியாக உட்கார்ந்து பாருங்கள். ஜெயித்த பணத்தை அதே உறையில் போடாமல் வேறு பையில் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் பத்து வெள்ளியாவது வீடு வந்து சேரும்.

கிளம்பும் முன் ஜெயித்த சீட்டை மாற்றிவிடுங்கள். புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் செல்லாது, சீட்டுதான் காசு. சீட்டுக்குக் கெடுவும் உண்டு. நான் ஒருமுறை கூட்டத்துக்குப் பயந்து, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று 18 வெள்ளிச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஓட்ட நாளில் அதற்காகவே மறுபடி கந்தான், செம்மோர் வழியாக ஈப்போவுக்குப் போனேன். பெட்ரோல், பசியாறிய காசு எல்லாம் கூட்டினால் நஷ்டம்தான். கவுண்டரில் இருந்த பெண் சீட்டை இயந்திரத்துக்குள் விட்டார், திரையைப் பார்த்தார், 18 வெள்ளியை எண்ணி வைத்தார். நான் சொன்னது நாலா ஏழா என்று அவர் கேட்கவே இல்லை.